வெள்ளை வாளி மீன்கள்

அந்த ஓடையில் நான்கு மாதம் மீன் பார்த்தேன். நோயின் அறிகுறி எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இப்போது எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் ஒரு கணம் பேனா நின்றுவிடுகிறது. மாணவர்களின் ரெக்கார்டு நோட்டாக இருந்தாலும் சரி, கூரியர்காரர் வாசலில் நீட்டும் தாளாக இருந்தாலும் சரி.

நான் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறவள். கல்லூரி லாஸ்பேட்டையில், வீடு கருவடிக்குப்பத்தில். ஸ்கூட்டரில் போய் வந்து பாடம் நடத்தி, விடைத்தாள் திருத்தி, நிம்மதியாக இருந்தேன். ஒரு நாள் எங்கள் துறைத் தலைவர் ஒரு கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டு, “நீங்கதான் கரெக்டா செய்வீங்க” என்றார். யாருக்கும் வேண்டாத வேலையைத் தள்ளிவிடும்போது அவர் சொல்கிற வாக்கியம் அது. தெரிந்தும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. என் பலவீனம் அங்கேதான் இருக்கிறது.

எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் ஓர் ஓடை உண்டு. ஓடை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் அது நிற்கும், கொஞ்சம் நகரும், மறுபடி நிற்கும். காலையில் பார்த்தால் டீத்தண்ணி நிறம், மத்தியானம் பார்த்தால் ஓரமெல்லாம் நுரை. ஒரு கோடைமழைக்குப் பிறகு அதில் மீன் செத்து மிதந்திருக்கிறது. பக்கத்து நிலத்துக்காரர்கள் புகார் எழுதிக் கொடுக்க, ஓர் அரசு அலுவலகம் எங்கள் கல்லூரிக்குக் கடிதம் போட்டது. மீன்களின் உடல்நிலையை வெளிப்பார்வையிலும் உறுப்புகளிலும் பரிசோதித்து அறிக்கை தரவேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

வேலை எளிது. இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, பன்னிரண்டு மீன். அளவுகோலில் வைத்து நீளம், தராசில் எடை. தோல், செதில், துடுப்பு, கண். செவுள் மூடியைத் தூக்கி உள்ளே நிறம் பார்க்கவேண்டும். நல்ல மீனென்றால் செக்கச்செவேல் என்று இருக்கும். கடைசியில் வயிற்றைக் கீறி ஈரல். மனிதர்களுக்குச் செய்கிற ஹெல்த் செக்கப் மாதிரிதான், மீன் மட்டும் திருப்பிக் கேள்வி கேட்காது. இதில் விதி ஒன்றே ஒன்று. வலையில் விழுந்ததை விழுந்தபடி எடுக்கவேண்டும், பொறுக்கக்கூடாது. இதை நான் வகுப்பில் எத்தனை வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன் என்று என் மாணவிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

முதல் சனிக்கிழமை மானம் போனது. கல்லூரி ஸ்டோரிலிருந்து எடுத்துப்போன வலையை வீசத் தெரியாமல் வீசினேன். முழங்கால் வரை கறுப்புச் சேறு. ஒரு செருப்பு உள்ளேயே போய்விட்டது. கிடைத்தது ஒரு பால் கவர். பின்னாலிருந்து யாரோ சிரிக்காமல் சிரிக்கிற சத்தம் கேட்டது. திரும்பினால், பக்கத்துக் குடோனின் வாட்ச்மேன், சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே இறங்கி வந்தார்.

“வலய இப்படிக் குடுங்க டீச்சர். நீங்க வீசறதப் பாத்தா மீனுங்க கைதட்டும்.”

நான் டீச்சர் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். “கோவப்படறதுலயே தெரியுது” என்றார். அவர் ஐம்பதைத் தாண்டியவர். டவுனில் பஞ்சாலை ஓடிய காலத்தில் அங்கே வேலை. ஆலை மூடியதும் கொஞ்ச நாள் கொத்தனாருக்கு உதவி, கொஞ்ச நாள் மார்க்கெட்டில் மூட்டை, கடைசியில் இந்தக் குடோன் காவல். வீடு ஓடையிலிருந்து கூப்பிடு தூரம். இரவு காவல் முடிந்ததும் வலையைப் போட்டு வீட்டுக்குக் குழம்புக்கு மீன் பிடிப்பது அவர் வழக்கம். அவர் வீசிய வலை விசிறி மடிப்பு பிரிவது போலப் பிரிந்து விழுந்தது. “போயி கால் கழுவினு வாங்க, குடோன்ல பைப்பு இருக்குது” என்றார். நான் கழுவிவிட்டு வந்தபோது, பெயின்ட் வந்த வெள்ளை வாளி ஒன்றில் பன்னிரண்டு மீன் எனக்காகத் துள்ளிக்கொண்டிருந்தன. ஜிலேபி அதிகம், இரண்டு கெளுத்தி, ஒரு குரவை. எல்லாம் பளபளவென்று இருந்தன.

“அடுத்த தபா நீங்க எறங்காதீங்க” என்றார். “இந்தச் சாக்கடையில உங்களுக்கு இன்னா வேல? டூட்டி முடிஞ்சதும் நானே புடிச்சி வச்சிடறேன். நீங்க வந்து எடுத்துனு போங்க.”

ஒப்புக்கொண்டேன். இரண்டாவது செருப்பையும் இழக்க மனமில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நோட்டில், பிடித்த முறை என்ற இடத்தில், வீச்சுவலை என்று எழுதினேன். யார் வீசியது, யார் எடுத்தது என்று எழுத அதில் கட்டம் இல்லை. நானே போட்ட கட்டங்கள்தான் அவை.

அதற்குப் பிறகு சனிக்கிழமை எட்டரை மணிக்குப் போவேன். வாளி தயாராக இருக்கும், மேலே ஒரு ஈரச்சாக்கு. அவர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அவர் மனைவி காபி கொடுப்பார். நான் அவரை அக்கா என்றேன், அவர் என்னை டீச்சரம்மா என்றார். அங்கேயே அளவெடுத்துவிட்டு, அறுப்பதற்கு ஆய்வகத்துக்கு எடுத்துப்போவேன். நான் ஒவ்வொரு மீனாகத் தூக்கி, திருப்பி, செவுளைப் பார்த்து, “நல்லா இருக்கு” என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதுவதை வாட்ச்மேன் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவர் முகத்தில் ஒரு திருப்தி இருக்கும். என் வேலையின் நேர்த்தியை ரசிக்கிறார் என்று நினைத்தேன். அவ்வளவு கர்வம் எனக்கு.

மூன்று மாதத்தில் எனக்கே ஆச்சரியம். தண்ணீர் அந்த லட்சணத்தில் இருக்கிறது, மீனோ கண்ணாடி மாதிரி இருக்கிறது. முதலில் சந்தேகப்பட்டேன். பிறகு சந்தேகம் பெருமையாக மாறியது. தொழிற்பேட்டை முனை டீக்கடையில் ஒருவர், “அந்த ஓட மீன எவன் துன்னுவான், அழுகிப் போயிருக்கும்” என்றபோது, “நீங்க அறுத்துப் பாத்தீங்களா? நான் பாத்தேன்” என்று ஒரு பிடி பிடித்தேன். பார்க்காமல் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஊரெல்லாம் ஒன்றைச் சொல்லும்போது தனியாக நின்று வேறொன்றைச் சொல்வதில் ஒரு ருசி இருக்கிறது. ஆழமாக அனுபவித்தேன்.

நான்காவது மாதத் தொடக்கத்தில் அந்த வீட்டுக்கு அவர்கள் மகள் வந்திருந்தாள். வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு. கை நிறையக் கண்ணாடி வளையல். காபி டம்ளரை வாங்கும்போது வளையல் சத்தத்தில் பேச்சு நிற்கும். ஒல்லியான பெண். எதைச் சாப்பிட்டாலும் குமட்டிய காலம் போய், அப்போதுதான் பசி வந்திருந்தது. மீன்குழம்பு என்றால் இரண்டு முறை சோறு போட்டுக்கொள்வாள் என்று அக்கா பெருமையாகச் சொன்னார். சொல்லிவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

“டீச்சரம்மா, இந்த ஓட மீன புள்ளத்தாச்சிக்குக் குடுக்கலாமா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்கதான் அறுத்தே பாக்குறீங்க.”

அந்தக் கணத்தை நான் எத்தனையோ தடவை திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறேன். செவுள் சிவப்பாக இருப்பது மீனின் ஆரோக்கியம், தின்கிறவருடையது அல்ல. சதைக்குள் உலோகம் இருக்கிறதா என்று பார்க்க எங்கள் ஆய்வகத்தில் வசதி கிடையாது. வெளியே அனுப்பவேண்டும், அனுப்பவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. இத்தனையும் எனக்குத் தெரியும். பரீட்சைக்கு இதையே கேள்வியாகக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளப் போகிற முகம் அது. எனக்குத் தெரியாது என்று சொல்ல என் வாய் பழகவில்லை.

“தாராளமா குடுங்கக்கா” என்றேன். “நானே பாத்துட்டேன். ஒரு குறையும் இல்ல.”

அந்த வாரமே அறிக்கையையும் கொடுத்துவிட்டேன். இருந்தாலும் முறைப்படி இன்னும் இரண்டு சனிக்கிழமை பாக்கி இருந்தது. முதலாவது வழக்கம்போலப் போனது. இரண்டாவது சனிக்கிழமை கல்லூரியில் ஒன்பது மணிக்கு ஏதோ கூட்டம். அதனால் ஆறே முக்காலுக்கே ஓடைக்குப் போய்விட்டேன். வீட்டில் நிறுத்தாமல் நேராகக் கரைக்கே ஸ்கூட்டரை விட்டேன்.

வாட்ச்மேன் வலையைக் கரையில் விரித்துப்போட்டுக் குந்தியிருந்தார். அவருக்கு வலப்பக்கம் என் வெள்ளை வாளி, இடப்பக்கம் ஓர் அலுமினியக் குண்டான். வலைக்குள்ளிருந்து ஒரு மீனை எடுப்பார், நான் செய்வது போலவே திருப்பிப் பார்ப்பார், செவுளைக்கூடத் தூக்கிப் பார்ப்பார். பிறகு வாளியிலோ குண்டானிலோ போடுவார். வாளியில் மூன்று மீன்தான் இருந்தன. குண்டான் பாதி நிறைந்திருந்தது.

என்னைப் பார்த்ததும் எழுந்து, குண்டானைக் காலால் பின்னுக்குத் தள்ளினார். விருந்தாளி சொல்லாமல் அடுக்களைக்குள் வந்துவிட்டால் படுகிற கூச்சம் அவர் முகத்தில்.

“சீக்கிரம் வந்துட்டீங்களே டீச்சர். இன்னும் ரெடியாவல.”

“அந்தக் குண்டானக் காட்டுங்கண்ணே.”

“அது வேணாம். அது நம்ம வூட்டுக்கு.”

நானே குனிந்து இழுத்தேன். ஒரு ஜிலேபியின் விலாவில் ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குச் சிவந்த புண். ஒன்றுக்கு வால் துடுப்பு நெருப்பு பட்ட துணி போல ஓரம் தின்று போயிருந்தது. ஒரு கெளுத்திக்கு ஒரு கண் வெளியே தள்ளியிருந்தது. அடியில் ஒன்று, முதுகு வளைந்தது, வளைந்தபடியே நீந்தப் பார்த்து வட்டமடித்துக்கொண்டிருந்தது. மற்றவை அசையவில்லை, வாயை மட்டும் திறந்து மூடின.

எத்தனை நாளாக இப்படிப் பிரிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“மொத நாள்லேர்ந்துதான் டீச்சர்” என்றார், செய்த உதவியை ஒருவழியாகச் சொல்லக் கிடைத்த மாதிரி. “உங்க கையில போயி இதக் குடுக்கறதா? மில்லுல நான் மடிப்பு செக்சன்ல இருந்தவன். துணி பாக்க ஆள் வராங்கன்னா, அதுக்கு முன்னாலயே டேமேஜ் பீஸயெல்லாம் தனியா எடுத்து வச்சிடுவோம். அவங்க கைக்கு நல்ல பீஸுதான் போவணும். அவங்க பாத்து ஓகேன்னு எழுதிட்டுப் போவாங்க. டேமேஜ நாங்க வூட்டுக்கு எடுத்துனு வந்து பாவாட, தலகாணி ஒறன்னு தச்சிக்குவோம். எங்க வூட்ல யாரு டீச்சர் நல்ல பீஸு கட்டனது?” சொல்லிவிட்டுச் சிரித்தார். “நீங்க ஒவ்வொண்ணா தூக்கி நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு எழுதசொல்ல, எனக்கு அந்த மில்லு ஞாபகந்தான் வரும்.”

நான் அவரைத் திட்டினேன். நன்றாகவே திட்டினேன். நான்கு மாத வேலையைக் கெடுத்துவிட்டீர்கள் என்றேன், பொறுக்காமல் கொடுக்கவேண்டும் என்று தெரியாதா என்றேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, “தப்புதான் டீச்சர், நீங்க சொல்லலியே” என்றார். சொல்லவில்லை. வகுப்பில் கத்துகிறவள், மீனை எடுக்கிற ஒரே மனிதரிடம் அதைச் சொல்லவில்லை. வாளி தயாராக இருந்த சுகத்தில் கேட்கவே தோன்றவில்லை. அவரைத் திட்டிய ஒவ்வொரு சொல்லுக்கும் இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

கூட்டத்துக்குப் போகவில்லை. குண்டானோடு ஆய்வகத்துக்குப் போனேன். செவுள்கள் வெளுத்து, கோழை படிந்து ஒட்டிக்கொண்டிருந்தன. ஈரல்கள் மஞ்சள் திட்டுத்திட்டாக, தொட்டால் உதிர்ந்தன. எல்லாவற்றையும் எழுதினேன். கை தன்பாட்டுக்கு எழுதியது. ஏழாவது மீனை அறுக்கும்போதுதான் அவர் சொன்ன ஒரு வார்த்தை தாமதமாக வந்து இடித்தது. அது நம்ம வூட்டுக்கு. கத்தியை அப்படியே போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

நான் போனபோது மத்தியானச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. மகள் தட்டில் முந்தின நாள் குழம்பு. பழைய மீன்குழம்புக்குத்தான் ருசி என்று அக்கா அவளுக்கென்று எடுத்து வைத்திருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய், அந்த மீனைச் சாப்பிடவேண்டாம் என்றேன். மகள் கையை எடுத்துக்கொண்டாள். வாயில் இருந்ததை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். வாட்ச்மேன் சுவரோரம் தலையைக் குனிந்து நின்றார்.

அக்காவுக்குத்தான் புரியவில்லை. “நீங்கதான டீச்சரம்மா நல்லதுன்னீங்க” என்றார். கோபமாக அல்ல, நிஜமாகவே குழம்பிப்போய். “முன்னயெல்லாம் புண்ணு வச்ச மீன நாங்க துன்னதே இல்ல. நாய்க்குப் போடுவோம், இல்லாங்காட்டி இவரு கரையிலயே வுட்டுட்டு வந்துடுவாரு. நீங்க அன்னிக்கி ஒரு குறையும் இல்லன்னு சொன்னீங்களே, அப்புறந்தான் எதுக்கு வீணாக்கணும்னு புண்ண மட்டும் நறுக்கிப் போட்டுட்டு கொழம்பு வச்சோம்.”

அதுவரை, தெரியாமல் தின்றுவிட்டார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கண்ணுக்குத் தெரிந்ததை நம்பி ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதைத் தட்டுக்குக் கொண்டுவந்தது என் வாய். மகள் எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். அவள் வாந்தி எடுக்கிற சத்தமும் வளையல் சத்தமும் கேட்டன. அக்கா பின்னால் ஓடினார். நான் அங்கேயே நின்றேன். தட்டில் குழம்பு ஆறிப்போய் ஆடை கட்டியது.

திங்கட்கிழமை புது அறிக்கை எழுதி எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன். முதல் அறிக்கை தவறு, மாதிரிகள் பொறுக்கப்பட்டவை, பொறுப்பு என்னுடையது என்று முதல் பாராவிலேயே எழுதியிருந்தேன். மேசையில் இருந்தவர் நிதானமாகப் படித்தார். “மொதல்ல குடுத்தது மேல போயிடுச்சே மேடம். ஒரே ஆள் ரெண்டு விதமா எழுதினா எத நம்பறது?” என்றார். நியாயமான கேள்வி. சீல் குத்தி ஒரு பிரதியைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு இரண்டு முறை போய்க் கேட்டேன். பார்க்கிறோம் என்றார்கள். ஓடை இன்னும் அதே நிறத்தில்தான் இருக்கிறது.

வாட்ச்மேன் வலையை எடுத்து ஆணியில் மாட்டியவர் மாட்டியவர்தான். எனக்கும் மீன் கடையில் நிற்க முடியாமல் போனது. “நல்லதா பாத்துப் பொறுக்கித் தரேம்மா” என்று மீன்காரம்மா சொல்வது பிரியத்தில்தான். எனக்கோ, பொறுக்கியது போக மிச்சம் எந்தக் குண்டானுக்குப் போகும் என்ற நினைப்பு வந்து, பையை மடித்துக்கொண்டு திரும்பிவிடுவேன்.

குழந்தை நாள் நிறையும் முன்பே பிறந்தது. பெண். உள்ளங்கையில் வைக்கலாம் போல இருந்தாள் என்று வாட்ச்மேன் போனில் சொன்னார். அரசு ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் பல நாள் வைத்திருந்தார்கள். நான் தினமும் போய் வராந்தாவில் நின்றேன். உள்ளே விடமாட்டார்கள், விட்டாலும் போயிருப்பேனா தெரியாது. ஒரு நாள் டாக்டரை மறித்து, மீன் கதை முழுவதையும் சொல்லி, இதனால்தானா என்று கேட்டேன். அவர் களைத்திருந்தார். “இதனாலதான்னு சொல்ல முடியாது மேடம். இல்லைன்னும் சொல்ல முடியாது. முதல் பிரசவம், ரத்தம் கம்மி, நூறு காரணம் இருக்கும்” என்றார். ஆம் என்றிருந்தால் அழுதிருப்பேன். இல்லை என்றிருந்தால் தூங்கியிருப்பேன். அவர் உண்மையைச் சொன்னார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு போய்ப் பார்த்தேன். போகாமல் இருந்துவிடலாம் என்று இரண்டு முறை பாதி வழியில் ஸ்கூட்டரைத் திருப்பியிருக்கிறேன். மகள் பாயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இன்னும் ஒல்லியாகியிருந்தாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். அக்காதான் வழக்கம்போல நாற்காலி போட்டார், காபி கொடுத்தார், நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு குழந்தையைத் துணியோடு எடுத்து வந்து என் மடியில் வைத்தார். துணியை விலக்கி, காலை நீட்டிக் காட்டினார், கையை விரித்துக் காட்டினார். குழந்தை கண்ணைத் திறந்து எங்கோ பார்த்தது.

“டாக்டருங்க பேசறது ஒண்ணும் வெளங்கல” என்றார். “நீங்க நல்லா பாத்து சொல்லுங்க டீச்சரம்மா. புள்ளைக்கு ஒரு குறையும் இல்லதான?”

இத்தனைக்குப் பிறகும் அதே முகம். நான் சொன்னால் நம்பப் போகிற முகம். குழந்தையின் விரல்களைப் பார்த்தேன், நகங்களைப் பார்த்தேன், மூச்சு விடும்போது வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். நல்லா இருக்கு என்ற சொல் பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“எனக்குத் தெரியாதுக்கா” என்றேன்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மகள் பாயிலிருந்து எழுந்து வந்து குழந்தையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு போனாள்.